மினுக்கிய காசு

கடந்த தை மாதம் கோப்பாயிலுள்ள எம் பெரியம்மாவின் வளவிற் பனங்கிழங்கு கிண்டியபோது, மண்வெட்டியில் இரண்டு பழைய செப்புக் காசுகள் அகப்பட்டன. செய்தி கேட்டு நாம் அங்குச் சென்று சேர்வதற்குள் ஒன்று புதுப் பொத்தானைப்போல் மின்னிக்கொண்டிருந்தது.

"ஊத்தையாய்க் கிடந்தது, தம்பி. பழப்புளி போட்டுப் பொச்சாலை தேய்ச்சனான். இனி நல்ல விலைக்குப் போகும்தானே?" என்றார் பெரியம்மா.

வெள்ளிதோறும் குத்துவிளக்கு மினுக்கிப் பழகிய கை அது; குறை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. மற்றைய காசு கிழங்குக் கடகத்தின் அடியில் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தமையாற் பிழைத்தது.

பிழைத்த காசை நீரில் ஊறவைத்து, மண்ணை மட்டும் ஈர்க்கு நுனியால் மெல்ல நீக்கினோம். பின்பு காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினோம். நேர் வெளிச்சத்திற் புலப்படாத மேடுபள்ளங்கள் சாய்ந்த வெளிச்சத்திலே நிழல் விழுத்தித் தம்மைக் காட்டும். ஒரு புறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன்மேற் பிறை, கீழே 'சேது' என்னும் தமிழெழுத்து. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசு! மினுக்கிய காசிலும் நந்தியின் திமில் தெரிந்தது. எழுத்திருந்த இடத்திலோ வழவழப்பே எஞ்சியிருந்தது.

செம்பின்மீது நூற்றாண்டுக் கணக்கிற் படிந்த கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. காசின் மேற்பரப்பே அவ்வாறு மாறியிருக்கிறது. தேய்ந்த எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அந்தப் படலத்திலேதான் தங்கியிருக்கும். புளியிலுள்ள அமிலம் அதனைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைந்துபோகிறது. தட்டாரின் தராசில் ஒன்று 3.8 கிராம் நின்றது, மினுக்கியது 3.5 கிராம். இரண்டுமே அரைப் பவுணுக்குக் குறைவு. புளி தின்றது எவ்வளவென்பதை இனி யார் கணக்கிடுவார்?

கெட்ட பச்சையும் உண்டு. வெளிர்நிறமாய், தொட்டால் மாவாய் உதிருமாயின், அது உப்பினால் வரும் நோய். உள்ளிருந்தே காசை அரித்துவிடும். கடற்காற்று வீசும் எம் ஊரில் அதற்கே அஞ்சவேண்டும். எம் காசில் அஃதில்லை.

விலையைப் பற்றிப் பெரியம்மா மீண்டும் கேட்டார். சேதுக் காசுகள் நிரம்பக் கிடைத்திருப்பதால், அதனை விற்றுக் கூரை வேய முடியாது என்றோம். ஆயின் இக்காசுக்கு வேறொரு பெறுமதி உண்டு. ஒருகாலத்தில் இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என்று கருதினோர் இருந்தனர். இவை யாழ்ப்பாண மன்னருடையன என்று சுவாமி ஞானப்பிரகாசரும், 1926 இல் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூலை வெளியிட்ட முதலியார் இராசநாயகமும் எடுத்துக்காட்டினர். அம்மன்னர் 'சேதுகாவலர்' எனப் பெயர் பூண்டிருந்தது ஒரு சான்று. காசுகள் இம்மண்ணிலே மிகுதியாய் அகப்பட்டது மற்றொரு சான்று. எந்த வளவில், எத்தனை அடி ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் குறிப்பு இல்லாத காசு, முகவரி கிழிந்த கடிதத்துக்கு ஒப்பாகும். இக்குறிப்பு மினுக்கிய காசுக்கும் இன்னும் உண்டு என்பது எமக்குச் சிறிது ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, காணி எம்முடையது என்பதால் மட்டும் அதிற் கிடைத்த தொல்பொருள் எம்முடையதாகிவிடாது. கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் வேண்டும். பெரியம்மா சற்றுநேரம் பேசவில்லை. மினுக்கிய காசை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டேயிருந்தார்.

நாம் கொப்பித் தாளொன்றில் வளவின் பெயர், கிணற்றடியிலிருந்து எத்தனை பாகம், ஒன்றரை அடி ஆழம், தை மாதத்து நாள் என எழுதி, இரண்டு காசுகளையும் தனித்தனியே மடித்து வைத்தோம்.

"ஆர் கண்டெடுத்தது எண்டும் எழுதுவியோ?" என்றார் பெரியம்மா.

எழுதினோம். "புளி போட்டதை எழுதாதை" என்றார். அதனையும் எழுதத்தான் வேண்டியிருந்தது.