கூலி யாருடைய பெயர்?

ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தருவதுண்டு. 'கூலி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். தெய்வத்தால் ஆகாதது என்றாலும், உடல் வருந்திய முயற்சிக்குக் கூலி உண்டு என்கிறார் வள்ளுவர். தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்த 619ஆம் குறள்தான் அது. வேலை செய்பவரைக் கூலியாள் என்போம். ஆள் வேறு, கூலி வேறு.

ஐரோப்பியர் வாயில் இந்த வேறுபாடு அழிந்தது. ஆங்கிலத்தில் கூலி என்றால் சுமை தூக்கும் ஆள். அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் சிலர். குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயர் என்பர் வேறு சிலர். டச்சுக்காரர்கள் 1880இல் கிழக்குச் சுமத்ராத் தோட்டங்களுக்குக் 'கூலிச் சட்டம்' இயற்றினர். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி அதன்படி தண்டிக்கப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றனர். சீனர்கள் இவ்வொலியைத் 'துன்பம்', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். ஜெர்மன் மொழியில் கூலி தொழிலாளியையும் குறிக்கும். பேச்சுவழக்கில் பந்துமுனைப் பேனாவையும் குறிக்கும்! பேனாவின் நீண்ட ஜெர்மன் பெயருடைய சுருக்கம் அது என்பர்.

நம் கெடாவில் கூலிம் நகரம் உண்டு. அதற்கும் கூலிக்கும் உறவில்லை. கூலிம் என்பது ஒரு காட்டு மரம். ஆனால் மலாய் மொழியில் 'கூலி' என்றால் ஆள்தான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே அந்தப் பொருளில் அச்சொல்லைக் கேட்டேன். வரலாற்றுப் பாடம் முடிந்ததும் ஒரு நண்பன், "உன் தாத்தா பாட்டி கூலிகளா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

சுங்கைப்பட்டாணிக்கு அருகில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டியிடம் இதைச் சொன்னேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை என்று நாள்களை எண்ணி வாழ்ந்தவர் அவர். கோபப்படாமல் சொன்னார்: "நாங்க கூலி வாங்குனவங்க கண்ணு. கூலி இல்ல."

எந்த அகராதியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கூலி என்பது ஒருவர் இன்னொருவருக்குத் தரவேண்டிய கடன். உழைத்தவரையே கூலி என்று அழைத்துவிட்டால், தரவேண்டியவர் யார், எவ்வளவு தந்தார் என்ற கேள்வியே எழாது.

நண்பர்களே, தோட்டங்களைப் பற்றி ஆய்வேடு எழுதும்போது 'கூலிகள் வந்தனர்' என்று எழுதாதீர்கள். வந்தவர்கள் தொழிலாளர்கள். கூலி அவர்களுக்குச் சேரவேண்டியது.