பகலில் ஏடும் இரவில் தறியும்

கற்கும் காலத்தே பொருளும் ஈட்டும் மாணாக்கர் நம் கலாசாலையிற் சிலரல்லர். ‘அத்தொழிலில் உமக்கு மனநிறைவு உண்டோ?’ என அன்பர் ஒருவர் எம்மை வினவினார். ‘கூலி கிடைக்கின்றது, வேறென்ன வேண்டும்?’ என்று விடையிறுத்தோம். அவ்விடை முழுதும் மெய்யன்று என்பது பின்னர் எமக்கே புலனாயிற்று.

எமது ஊர் சேலத்தை அடுத்த இளம்பிள்ளை. கஞ்சமலையின் அருகே அமைந்த இவ்வூர் சேலை நெசவாற் பெயர் பெற்றது. முதலாண்டில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தோம். ஊடை தீர்ந்த தாரை மாற்றுதலும், இழை அறுந்தவழித் தறியை நிறுத்தி முடிச்சிடுதலும் எம் பணி. சனிக்கிழமைதோறும் கூலி பெற்றோம். பேருந்துச் செலவும் புத்தக விலையும் அதனால் தீர்ந்தன. வீட்டாரிடம் கை நீட்டாமை பெருமையாகவே இருந்தது. ஆயினும் காலை வகுப்பிற் கண்கள் செருகின. பருவத் தேர்விற் கணக்கியலில் தவறினோம். அந்த வாரம் பெற்ற கூலி எமக்குக் கசந்தது.

வேலையை விட்டுவிடும் எண்ணத்துடன் முதலாளியிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். அவர், ‘முன்னமே சொல்லக் கூடாதா, தம்பி? பரீட்சை எந்தத் தேதி என்று இந்தச் சுவரில் எழுதி வை. அந்த வாரங்களில் 8 மணிக்கே புறப்பட்டுவிடு’ என்றார். புதுப் பாவு ஏற்றுங்கால் எம்மை அருகழைத்து, பழைய இழையோடு புதிய இழையைப் பிணைக்கவும் கற்பித்தார். கூலி சற்றுக் குறைந்ததேயன்றி உயரவில்லை. எனினும், எம் கையாற் பிணைத்த பாவிலிருந்து முதற்சேலை இறங்கிய அன்று அதனை விரித்து நெடுநேரம் பார்த்து நின்றோம். அடுத்த பருவத்தில் கணக்கியலிலும் தேறினோம்.

இவ்வனுபவத்தின் காரணத்தை அமெரிக்க உளநூலறிஞர் ஹெர்ஸ்பெர்க் என்பார் தம் துணைவரோடு 1959இல் வெளியிட்ட நூலிற் கண்டோம். பொறியாளரும் கணக்கருமாக ஏறத்தாழ 200 பேரை வினவி அவர் கண்ட முடிபு இது: கூலியும் வேலைச் சூழலும் குறையின் மனக்குறை விளையும், அவை நிறைந்த மாத்திரத்தே மனநிறைவு விளைந்துவிடாது. செய்து முடித்த செயலும், பிறர் மதிப்பும், ஏற்ற பொறுப்புமே அதனைத் தருவன.

உழைப்பை மதிக்கும் கல்லூரியும் உலகில் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தோன்றிய பெரீயா கல்லூரி, 1892 முதல் மாணாக்கரிடம் போதனைக் கட்டணம் பெறுவதில்லை. ஆங்கு யாவரும் வாரம் 10 மணி நேரமேனும் உழைத்தல் வேண்டும். தறியில் நெய்யும் மாணாக்கரும் ஆங்குளர். அங்கே உழைப்பு வறியோர் மறைக்கும் செய்தியன்று. கல்வியின் ஒரு கூறு.

ஆதலின், உழைக்கும் நண்பர்காள், தேர்வு நாளை முதலாளியிடம் மறையாதீர். தொழிலை ஆசிரியரிடம் மறையாதீர். ஆசிரியப் பெருமக்களே, கடைசிப் பலகையில் ஒருவன் கண் செருகக் கண்டால், கடிந்துகொள்ளுமுன், ‘நேற்றிரவு எங்கே வேலை, தம்பி?’ என ஒருமுறை வினவியருள்க.