கடந்து செல்க என்றொரு பலகை

சாலையோரத்தில் எழுதி வைக்கப்படும் சமயச் செய்தி வழிப்போக்கரை ‘வருக’ என்றே அழைக்கும் என்பது நம் எண்ணம். ‘உள்ளே வாராதீர், கடந்து செல்வீர்’ என்று ஒரு சமயத்தார் எழுதி வைத்த வரலாற்றைப் படித்தபோது நாம் திகைத்தோம்.

அவர்கள் அமெரிக்காவின் ஷேக்கர்கள். 1774-ஆம் ஆண்டு ஆன் லீ என்னும் அம்மையார் இங்கிலாந்திலிருந்து சிறு குழுவினருடன் அங்குச் சென்றார். வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியமையால் ‘ஷேக்கர்’, அதாவது ‘நடுங்குவோர்’ என்று பிறர் அவர்களை அழைத்தனர். மணம் துறந்து, உடைமையைப் பொதுவாக்கி, உழைப்பையும் வழிபாடாகக் கொண்டு அவர்கள் தனிச் சிற்றூர்களில் வாழ்ந்தனர்.

தம் வழிபாட்டைக் காண வெளியாரையும் அவர்கள் அனுமதித்தனர். நியூயார்க் மாநிலத்து நியூ லெபனானில், அருகிலிருந்த ஊற்றுகளுக்கு நீராட வந்த செல்வர்களும் வண்டியேறி வந்தனர். அவருட் பலர் வந்தது வேடிக்கை பார்க்கவே. 1842-இல் வழிபாட்டுக் கூடம் வெளியாருக்கு அடைக்கப்பட்டது. இது இறைவனின் தூய இடம். ஓய்வுநாளின் அமைதியைக் குலைக்காது கடந்து செல்க என்னும் பொருள்பட எழுதிய மரச்சிலுவைகள் வழியோரம் நடப்பட்டன. அவ்வாண்டு அங்குச் சென்ற சார்லஸ் டிக்கன்ஸும் வழிபாட்டைக் காண இயலவில்லை. அயலாரின் தகாத இடையூறுகளால் ஓராண்டுக்குக் கூடம் மூடப்பட்டதைத் தம் பயண நூலில் அவர் குறித்துள்ளார்.

இறைவன் இல்லத்தை அடைப்பதா என்று முதலில் நாம் சினந்தோம். பின்னர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹார்வர்டு என்னும் ஊரின் சாலையோரக் கல்லொன்றைப் பற்றி அறிந்தோம். 1783-இல், சமயக் கருத்துக்காக ஒரு ஷேக்கர் இவ்விடத்தில் கும்பலால் கசையடி பட்டார் என்பதே அக்கல்லின் செய்தி. அடித்தவர் பெயரும் அதில் இல்லை. அடிபட்டவர் பெயரும் இல்லை. பழிச்சொல் ஒன்றேனும் இல்லை.

அப்போது நம் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்று நெஞ்சில் தைத்தது. சுற்றுலா சென்ற ஊரில், பிற சமயத்தார் வழிபாட்டிட வாயிலில் நின்று தோழருடன் நாமும் நகைத்தோம். உள்ளே இருந்த முதியவர் ஒருவர் நம்மை ஒரு கணம் நோக்கிவிட்டு மீண்டும் கண்களை மூடிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அம்மரச்சிலுவையில் எழுதியிருந்ததையே சொல்லியிருப்பார். கசையால் அடித்த கும்பலும் சிரித்து நின்ற நாமும் ஒன்றல்லோம். ஆயினும், பிறர் வணக்கத்தை மதியாமை என்னும் வேர் இரண்டிற்கும் ஒன்றேயன்றோ!

நியூ லெபனான் கூடம் பின்னர் வெளியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று மெய்ன் மாநிலத்துச் சபத்டே லேக் என்னும் ஒரே ஊரில் விரல்விட்டு எண்ணத்தக்க ஷேக்கர்களே எஞ்சியுள்ளனர். அவர்தம் கொள்கை நமக்கு உடன்பாடாக வேண்டும் என்பதில்லை. ஆனால், ஒருவர் தம் இறைவனை வணங்கும் வேளையில் அவ்வழியே செல்லும் நாம் குரல் தாழ்த்திக் கடந்து செல்லக் கற்றல் வேண்டும். அதற்கு ஒரு பலகை தேவைப்படுமாயின், அந்நாணம் எழுதியவர்க்கு உரியதன்று; நமக்கே உரியது.