கிளட்ச்சில் நடுங்கிய கால்

சித்தூர் கோர்ட்டில் 38 வருஷம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, வாய்தா தேதி குறித்து வைப்பது, நகலுக்கு மனுப் போடுவது, ஜாமீனுக்கு சூரிட்டிக்காரர்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் என் வேலை. சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் அத்தனை வருஷம் அந்த வராந்தாவில் நின்றவனுக்குச் சில முகங்கள் பழகிவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் ஏ-1 என்று போட்டிருப்பவன் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வருவான். பட்டியலின் கடைசியில் ஏ-4, ஏ-5 என்று சேர்த்திருப்பார்களே, அவன் கண்தான் சிவந்திருக்கும்.

அவன் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான். தமிழ்க்காரனாக இருந்தால், "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் சார்." தெலுங்குக்காரனாக இருந்தால், "நேனு அப்புடே ஒத்தன்னானு சார்." எங்கள் சீனியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சொன்னே, சரி. எங்கே இறங்கினே?" என்பார். பதில் வராது. தரையைப் பார்ப்பான்.

இறங்கி வந்த ஒருவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கள் தெருப் பையன். பெயர் வேண்டாம். டவேரா ஓட்டிக்கொண்டிருந்தான். காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் காணிப்பாக்கம் காட்டி, திருப்பதியில் கொண்டுபோய் விடுகிற சவாரி. வண்டி பைனான்ஸில் எடுத்தது. 2016 நவம்பரில் நோட்டுச் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு ஒரு மாசம் அவனுக்குச் சவாரியே இல்லை. பெருமாளைப் பார்க்க வருகிறவர் கையிலும் சில்லறை இருந்தால்தானே வண்டி பேசுவார்?

மார்கழி மாசம். விடியற்காலை என் மனைவி கோலம் போடக் கதவைத் திறந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். வண்டி தெருமுனையில் நிற்கிறது. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தோம். டம்ளரை டவராவோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்படியும் டம்ளர் டவராவில் மோதி லொட லொடவென்று சத்தம். அது அடங்குகிறவரை நாங்கள் யாரும் பேசவில்லை.

"மாமா, கால் கேக்க மாட்டேங்குது. கிளட்ச்சுல வெச்சா தடதடன்னு ஆடுது. எனக்கு பயமெல்லாம் இல்ல. கால்தான்."

விஷயம் பிறகு வந்தது. பாகராப்பேட்டை மலைப்பாதைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் சரக்கு வண்டி வரும். இவன் இரண்டு கிலோமீட்டர் முன்னால் காலி வண்டியில் போக வேண்டும். எங்காவது போலீஸோ பாரஸ்ட்காரர்களோ நின்றால் போன். அவ்வளவுதான். இதற்குப் பைலட் வண்டி என்று பெயர். கட்டையைத் தொட வேண்டாம், காட்டுக்குள் போக வேண்டாம், எப்போதும் ஓட்டுகிற ரோட்டில் எப்போதும் ஓட்டுகிற வண்டி. "தப்பு எங்க இருக்குன்னு அப்ப தெரியல மாமா" என்றான். அந்த இடத்தில் மட்டும் அவன் பொய் சொன்னான் என்பது என் எண்ணம்.

எந்தக் கட்டை என்று சொல்லத் தேவையில்லை. செம்மரம். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமல்லா, வெலிகொண்டா என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்கிற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அத்தனை கனம். நம் வீடுகளில் அது வேறு பெயரில் இருந்தது. கல்யாணத்துக்கு ஜோடியாகத் திருப்பதியில் வாங்கி வந்த மரப்பாச்சி, கொலுவில் முதலில் வைக்கிற ராஜா ராணி, அந்த மரம்தான். குழந்தைக்கு வீக்கம் என்றால் எங்கள் பாட்டி மரப்பாச்சியின் காலைக் கல்லில் உரசி அந்த விழுதைத் தடவுவாள். உரசி உரசி எங்கள் வீட்டு ராணி ராஜாவைவிட ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டாள். இப்போது அதே மரம் சீனத்தில் மரச்சாமானாகவும், ஜப்பானில் ஷாமிசென் என்கிற தந்தி வாத்தியமாகவும் ஆகிறது. அருகிவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் வெட்டு நிற்கவில்லை.

வெட்டுவதற்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள் என்று சித்தூர்க்காரர்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை. மேஸ்திரி என்று ஒருவன் ஊருக்குள் போய் முன்பணம் கொடுப்பான். வேலூர், காட்பாடி, சித்தூர் வழியாக பஸ்ஸில் கூட்டி வருவான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரிப் பை, ரப்பர் செருப்பு, யாரோடும் பேச்சில்லை. ஒருத்தன் மட்டும் பஸ் கிளம்புகிறவரை படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருப்பான்.

2015 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி மண்டலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் 12 பேர், தருமபுரி 7, சேலம் 1. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் உயிர் தப்பியவர்கள். அதில் ஒருவர், பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால் தன்னை விட்டுவிட்டார்கள் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. கட்டட வேலைக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்று சில குடும்பங்கள் அழுதன. இதே காட்டில் 2013 டிசம்பரில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் கடத்தல்காரர்களிடம் உயிரை விட்டதையும் நான் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள்.

அந்த 20 பேரில் எத்தனை பேருக்கு பஸ்ஸில் கால் நடுங்கியிருக்கும்? யாராவது ஒருவன் ஆற்காட்டிலோ காட்பாடியிலோ இறங்கிவிடலாமா என்று பார்த்திருப்பான். ஏன் இறங்கவில்லை?

பயமில்லாததால் என்று நான் நினைக்கவில்லை. முன்பணம்தான். அந்தப் பணம் அதற்குள் வீட்டில் அரிசியாகியிருக்கும், வட்டியாகியிருக்கும், தங்கச்சிக்குச் சீராகியிருக்கும். கையில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கலாம். மேஸ்திரிக்கு இது தெரியும். அவன் கூலிக்கு முன்பணம் கொடுப்பதில்லை, இறங்காமல் இருப்பதற்குக் கொடுக்கிறான். அதோடு ஒரு வார்த்தையும் வைத்திருப்பான்: "ஆம்பளையா நீ?" நான் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வார்த்தையில் ஏறி உட்கார்ந்தவர்கள்தான் ஏ-4, ஏ-5.

எங்கள் பையன் விஷயத்திலும் அதே கணக்கு. அட்வான்ஸ் 20,000. பத்து ரோஸ் நிற நோட்டு. ஏழு நோட்டு அன்றைக்கே பைனான்ஸுக்குப் போய்விட்டது. மீதி மூன்று சட்டைப்பையில். மலைப்பாதையின் மேலே வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். "சரக்கு ஏத்தியாச்சு, கிளம்பு" என்று போன் வந்திருக்கிறது. முதல் கியர் போட்டவுடன் கால் ஆட ஆரம்பித்திருக்கிறது. வண்டி இரண்டு முறை நின்றுவிட்டது. மூன்றாவது முறை ஸ்டார்ட் செய்து, போனை ஆஃப் பண்ணிவிட்டு, சந்திரகிரிப் பக்கமாக இறங்கிவிட்டான். வழியில் காணிப்பாக்கம் திருப்பத்தில் அரை மணி நேரம் நின்றானாம்.

"உள்ள போயிருக்கலாமே?"

"குளிக்கல மாமா."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது விளங்கும். காணிப்பாக்கம் பிள்ளையார் சத்தியத்துக்குச் சாட்சி நிற்கிறவர். திருட்டுப் பழி, பங்காளித் தகராறு, குடியை விடுகிறது எதுவானாலும் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு போய் நின்று சொல்ல வேண்டும். "காணிப்பாக்கத்துக்கு வரியா?" என்று கேட்டால் பாதிப் பேர் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுச் சளைக்காமல் பொய் சொன்னவர்கள் அந்தக் குளத்துப் படியில் கால் வைக்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இந்த இடத்தில் இரக்கமில்லாதது. பையன் கேட்டான், "நான் ஒண்ணும் பண்ணலையே மாமா, திரும்பி வந்துட்டேனே?" 120-பி என்று ஒரு பிரிவு இருந்தது, கூட்டுச்சதி. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 61. இரண்டு பேர் ஒரு குற்றத்தைச் செய்வதாக ஒப்புக்கொண்டாலே போதும், அந்த ஒப்புதலே குற்றம். இவன் மனசு மலைப்பாதையில் விழித்துக்கொண்டது. சட்டமோ இவன் டீக்கடையில் தலையாட்டிய நிமிஷத்திலிருந்து எண்ணுகிறது. திரும்பி வந்தவன் எல்லாவற்றையும் சொன்னால் மன்னிப்புக் கொடுத்து அப்ரூவர் ஆக்க வழி உண்டு. ஆனால் அப்ரூவர் பேச்சையும் சட்டம் முழுசாக நம்பாது, வேறு சாட்சியம் துணைக்கு வேண்டும் என்று கேட்கும். "கூட்டாளி சாட்சி ஊறுகாய் மாதிரிடா, சோறு இல்லாம அதை மட்டும் பரிமாற முடியாது" என்பார் சீனியர். ஊரும் நம்பாது. வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் இரண்டு பேர் அப்ரூவர் ஆனார்கள். 1911-ல் மணியாச்சியில் நடந்ததைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வராது, அது வேறு. ஆனால் நூறு வருஷம் கழித்தும் அந்த இரண்டு பேரை நாம் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நடுங்கியவனுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை.

இதையெல்லாம் அன்று காலை அவனிடம் சொல்லவில்லை. பாங்கில் வரிசையில் நின்றேன். வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத காலம் அது. காலை ஒன்பது மணிக்கு நின்று மத்தியானம் இரண்டரைக்கு 14,000 எடுத்தேன். அவன் சட்டைப்பையில் இருந்த மூன்று நோட்டையும் சேர்த்து, அட்வான்ஸ் கொடுத்தவனுடைய மச்சான் கையில் கொடுத்தோம். டீக்கடையில் எண்ணிப் பார்த்தான். "பெரியவர் வந்துட்டீங்க, விடுங்க" என்றான். மிரட்டல், அடிதடி எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவன் இல்லாவிட்டால் வேறு ஒருத்தன் என்கிற நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

சாயங்காலம் பையனைக் காணிப்பாக்கம் கூட்டிப்போனேன். முழுகினான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது வண்டியை அவனே ஓட்டினான், கால் ஆடவில்லை.

இந்தக் கதையை எங்கள் தெருவில் எத்தனையோ கல்யாண வீடுகளில் என் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் ஒரு பையனைக் காப்பாற்றினார் என்று. இதன் மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, சித்தூர் பைபாஸில் செம்மரக் கட்டைகளோடு ஒரு வண்டியும் அதற்கு முன்னால் போன காரும் பிடிபட்டன. மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏ-2 பெயரைக் கேட்டதுமே இது அதே கும்பல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன் காரை ஓட்டியவன் ஏ-5. ஜவ்வாது மலைப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். ரிமாண்டுக் காகிதம் தெலுங்கில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டான். படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் சார்."

எங்கே இறங்கினாய் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. அவன் உட்கார்ந்தது எங்கள் பையன் காலி செய்த சீட். அது காலியாகிவிட்டது, அதில் யாரையாவது தேடுவார்கள் என்று பன்னிரண்டு நாளும் எனக்குத் தெரியும். ஸ்டேஷன் இருந்தது, டாஸ்க்போர்ஸ் இருந்தது, என் கையில் போன் இருந்தது. எங்கள் பையன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பேசாமல் இருந்தேன். மலைப்பாதையில் அவனுக்கு ஆடிய கால் எனக்கும் ஆடியிருக்கிறது, நான் வேறு பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த மலைப் பையனுக்கு ஜாமீன் உத்தரவு இரண்டு மாசத்தில் வந்துவிட்டது. ஆனால் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் வீட்டுவரி ரசீதோடு சூரிட்டி நிற்க வேண்டும். சித்தூரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? சூரிட்டி தேடுவது என் தொழில். அதைக்கூட நாலாவது மாசம்தான் செய்தேன். ஒரு ரசீது என்னுடையது, இன்னொன்று எங்கள் தெருப் பையனின் அப்பாவுடையது.