697க்கு டர்போ ஏற்றும் பட்டறை

நாமக்கல் - திருச்செங்கோடு சாலையில் பாடி கட்டுகிறவர், கட்டை ஸ்பிரிங் மாற்றுகிறவர், ரேடியேட்டர் பற்றவைக்கிறவர் என்று ஆளுக்கொரு பட்டறை. நான் போன இடத்தில் எஞ்சின் வேலை மட்டும்தான். இரும்புத் தாங்கியின் மேல் டாடா 697 ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் துளை. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் வழி வந்த எஞ்சின், ஒரு பழைய 1210 லாரியிலிருந்து இறக்கியது. வண்டி கொல்லிமலைக்கு ஓடுகிறது. ஏறும்போது சிமென்ட், செங்கல், இறங்கும்போது மரவள்ளி. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் முதல் கியரில்தான் ஏறுகிறதாம்.

"ஓனர் பையன் போன்ல எதையோ பாத்துட்டு சூப்பர்சார்ஜர் வெக்கச் சொல்றானுங்க," என்று மேஸ்திரி சிரித்தார். "எஞ்சின் சம்பாதிக்கறதுல பாதியை அதுவே தின்னுப்போடும்."

பாதி என்பது மிகை. ஆனால் விஷயம் சரி. சிலிண்டர் தானாக இழுப்பதைவிடக் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டின் வேலையும். சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து பெல்ட்டிலோ கியரிலோ ஓடி எஞ்சினின் சக்தியிலேயே பங்கு கேட்கும். டர்போவோ சைலன்சர் வழியே வீணாகப் போகிற சூட்டுப்புகையில் சுற்றும். அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் 1938இல் இறக்கிய 71 வரிசை எஞ்சின்களில் சூப்பர்சார்ஜர் வகையான ரூட்ஸ் புளோயர் இருந்தது உண்மை. அவை டூ ஸ்ட்ரோக். புளோயர் ஊதித் தள்ளினால்தான் எரிந்த புகை சிலிண்டரை விட்டு வெளியேறும். 697 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. தவிர, ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறையை டர்போ பெருமளவு ஈடுகட்டும்.

டாடாவே பின்னாளில் இதே எஞ்சினுக்கு டர்போ வைத்து 697 டிசி என்று விற்றது. அதனால் டர்போ உட்காரும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்துவிட்டது. அழுத்தம் கூடுவதால் பிஸ்டனையும் மாற்றியிருந்தார்கள். இதெல்லாம் ஸ்பேனர் வேலை. பார்க்க வேண்டியது வேறு இரண்டு இடங்களை.

ஒன்று, ஆயில் திரும்பும் குழாய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை போகும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகும். வரும்போது அழுத்தமில்லாமல் நுரைத்து, தன் எடையில்தான் இறங்கும். ஆகவே குழாய் தடிமனாக, எங்கும் தொய்யாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். கையாள் பையன் வளைத்த குழாயில் ஒரு விரற்கடை தொய்வு இருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அறுத்துப் போட்டார். ஆயில் தேங்கினால் சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கம் போகும். எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எகிறும். காற்று வழியை அடைத்தால்தான் அடங்கும். முதல் ஸ்டார்ட்டின்போது பையன் கையில் பலகையோடு நின்றது அதற்குத்தான்.

இன்னொன்று, டீசல் பம்ப். காற்றைக் கூட்டினால் மட்டும் இழுவை வராது, டீசலும் கூட வேண்டும். இரண்டு கடை தள்ளி, குளிர்சாதனம் போட்ட சிறிய அறையில், வாட்ச் ரிப்பேர்க்காரர் போல ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் பம்ப் சுற்ற, ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறுகிறது. ஆறும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை திருகுகிறார், துடைக்கிறார், மறுபடி ஓட்டுகிறார். அளவு தாண்டினால் பிஸ்டன் தலை உருகும். டர்போ வேகம் பிடிக்கும் முன்பே டீசல் கூடினால் கரும்புகை கக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் இந்த அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. இவருடைய ஸ்குரூடிரைவருக்கு அங்கே இடமில்லை. "பழைய வண்டி இருக்கற வரைக்கும் நானிருக்கேனுங்க" என்றார், வருத்தம் எதுவும் காட்டாமல்.

மறுநாள் ஓனர் வந்தார். சட்டப்படி இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆர்டிஓ காகிதம் இருந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்று மேஸ்திரி முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். காகிதத்தை நீட்டிவிட்டு ஓனர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, டீசல் ஸ்குரூவ இன்னுங்கொஞ்சம் கூட்டி வெச்சா என்னுங்க?"

"வேணாமுங்க. பிளாக்கும் கிராங்கும் பழசு. டர்போ மட்டுந்தானுங்க புதுசு."

பம்ப் ஸ்குரூவில் பெரியவர் கம்பி கோத்து அழுத்திய ஈயச் சீலை விரலால் தொட்டுக் காட்டினார். அது அறுந்து வந்தால் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. மலை ஏறி நின்றதும் ஸ்டாப் கேபிளை இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும். உடனே நிறுத்தினால் ஆயில் நின்றுபோகும், சூட்டில் தண்டைச் சுற்றிக் கரியாகிவிடும்.

"அத்தனை நேரம் டீசல் சும்மா எரியுமேங்க?"

"எரியட்டுமுங்க. டர்போ வாங்குன பில்லு உங்ககிட்டத்தானுங்க இருக்குது, எடுத்துப் பாருங்க."