பழகும் கை

குன்னூரில் அம்மா சோறு வைக்கும் தெருநாய்க்குக் கருப்பி என்று பெயர். இரண்டு முறை போட்ட 11 குட்டிகளில் பிழைத்தவை இரண்டு. "இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்லடா" என்றார் அம்மா. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த நான், கால்நடை மருத்துவர்களுக்குக் கருத்தடை அறுவை கற்றுத்தரும் ஒரு மையத்துக்குக் கருப்பியைக் கொண்டுபோனேன்.

"பயிற்சிக்கு வந்த டாக்டர்தான் செய்வாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார் மூத்த மருத்துவர்.

"நீங்களே செஞ்சிடக் கூடாதா சார்?"

"கூட ஆள் வந்தா எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. கேக்க ஆளில்லாத நாய்கள்லயே அவங்க கத்துக்கணுமா?"

பதில் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சூலகம் வயிற்றின் ஆழத்தில் ஒரு தசைநாரில் பிணைந்திருக்கும். விரலால் அதைத் தளர்த்தித்தான் மேலே எடுக்க வேண்டும். கொஞ்சமாய் இழுத்தால் வராது; அளவு மீறினால் ரத்தக்குழாய் கிழியும். குழாயை நூலால் கட்டி வெட்டிய பிறகும் உடனே உள்ளே விடுவதில்லை. இடுக்கியில் பிடித்தபடி கசிவு பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் முதல் முடிச்சில் ரத்தம் துளிர்த்தது. மூத்தவர் கை நீட்டவில்லை. "இன்னொன்னு போடுங்கம்மா" என்றார். போட்டாள். நின்றது.

தெருநாய்க்குத் தையல் பிரிக்க யாரும் திரும்ப வரமாட்டார்கள். அதனால் கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைத்தாள். மீண்டும் பிடிபடாமலிருக்க மயக்கத்திலேயே காதோரம் சிறிது வெட்டி அடையாளமிட்டாள். வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாள். 2001 விதிகளும் சரி, 2023 விதிகளும் சரி, பிடித்த இடத்திலேயே நாயை விடச் சொல்கின்றன. அங்கே முடிச்சு அவிழ்ந்தால் பார்க்க யாருமில்லை. ஒரு முடிச்சுக்கு அவர் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்தவள் முகம் வியர்த்திருந்தது. "காலேஜ்ல உதவிக்கு நின்னதோட சரி சார். நானே செய்யறதுல இது நாலாவது" என்றாள். "ரெண்டு நாள் ஈறு வெளுக்குதான்னு மட்டும் பாருங்க. உள்ள ரத்தம் கசிஞ்சா அதுலதான் தெரியும்."

விடுமுறை முடிந்து திரும்பிவிட்டேன். மாதங்கள் கழிந்தும் வீடியோ அழைப்பில் அம்மா கருப்பியின் உதட்டைத் தூக்கிக் காட்டுகிறார். "நல்லா செவப்பாத்தான்டா இருக்கு."

சென்ற வாரம் கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எத்தனை நாய்க்குப் பண்ணியிருக்கும்?"