பாடியைத் தூக்கிப் பார்த்த பிறகு

தூத்துக்குடியில் ஐப்பசி மழை விழுந்துவிட்டால் உப்பளங்களில் வாருவதற்கு ஒன்றும் இருக்காது. பாத்திகளெல்லாம் குளமாகிவிடும். கரையில் அம்பாரமாகக் குவித்து மூடிவைத்ததை அவ்வப்போது ஏற்றுவதோடு சரி. தை, மாசியில் மறுபடி வேலை சூடுபிடிக்கும்வரை லாரிகளுக்கு ஓய்வுதான். ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, பிரேக் லைனர் அடிப்பது, டிங்கரிங், பெயிண்ட் என்று எல்லாம் இந்த இடைவெளியில் நடப்பதால் பட்டறைகளில் இடம் கிடைக்காது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கேள்வியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுவதும் இந்த மாதங்களில்தான். துருப்பிடித்த சேஸை வேலை பார்ப்பதா, வண்டியையே கழித்துவிடுவதா?

என் அண்ணனிடம் ஒரு டாடா 1613 இருந்தது. இருபது வருஷம் தாண்டிய வண்டி. இன்ஜினை இறக்கி வேலை பார்த்தாயிற்று, கியர் பாக்ஸ் மாற்றியாயிற்று, பாடியும் புதிதாகக் கட்டியதுதான். இவை எதையும் மாற்றலாம், வண்டி அதே வண்டிதான். சேஸ் அப்படி இல்லை. வண்டியின் அடையாள எண் அதில்தான் குத்தப்பட்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகம் அந்த எண்ணுக்குத்தான். காயலான் கடையில் நல்ல சேஸ் ஒன்று கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிப் போட்டு நாளைக்கே ஓட்டிவிட முடியாது. அதனால்தான் எதற்கும் தயங்காத லாரிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்கில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு குடும்பத்தின் சாப்பாடு சேஸின் இரண்டு நீளச் சானல்களின் மேல் நிற்கிறது.

உப்பு லாரிக்குத் துரு சீக்கிரம் வருவது எல்லோருக்கும் தெரியும். ஏன் அது காய்வதே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். ஆனால் அளத்திலிருந்து நேராக வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். கடற்கரை ஊரில் சித்திரை வெயிலிலும் காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். பலகை இடுக்கு வழியாக ஒழுகிச் சேஸில் படிந்த உப்புநீர் கண்ணுக்குக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், அடியில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. குளோரைடு இரும்பின் மேலே சமமாகப் பரவி அரிப்பதில்லை. ஓரிடத்தில் குழி தோண்டி உள்ளே இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கடுகளவு பொட்டு. உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. இரும்பு துருவானால் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ரிவிட் அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் துரு வளர்ந்தால் தகடுகளை நெம்பிப் பிரிக்கும். ரிவிட்டின் தலையைக்கூடத் தெறிக்க வைத்துவிடும். ஒரு பட்டறையில், சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் சேரும் இடத்தைத் திருப்புளியால் குத்திக் காட்டினார்கள். கறுப்பும் செம்மண் நிறமுமாக ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் விரல் கனம். அவ்வளவும் ஒரு காலத்தில் இரண்டு மில்லிமீட்டர் இரும்பாக இருந்தது.

எவ்வளவு துரு என்பதைவிட எங்கே துரு என்பதுதான் கேள்வி. லாரி சேஸ் என்பது மூடிய குழாய் இல்லை. பக்கவாட்டில் திறந்த சானல். நிமிர்ந்து நிற்கும் நடுத்தகடு, மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. பாரத்தால் வளையும்போது அந்த விசையைப் பெரும்பாலும் தாங்குவது மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான். கம்பெனிக்காரர்கள் பிரேக் பைப்புக்கும் பிராக்கெட்டுக்கும் துளை போடுவதெல்லாம் நடுத்தகட்டில்தான். மடிப்பில் கை வைக்கமாட்டார்கள். ஆகவே நடுத்தகட்டில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. மடிப்பு மெலிந்திருந்தால் ஓட்டையே விழாவிட்டாலும் பயப்பட வேண்டும்.

அதிலும் இடம் பார்க்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே லோடு சேஸைக் கீழே தொய்யவைக்கும். அங்கே கீழ் மடிப்புதான் இழுபடும். பின் அச்சுக்கு மேலேயும் அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலும் நிலைமை தலைகீழ். அங்கே இழுபடுவது மேல் மடிப்பு. இரும்பில் விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் தொடங்கும். நம் ஊர் லாரியில் அந்த மேல் மடிப்பின்மேல் என்ன இருக்கிறது? பாடியைத் தாங்க நீளவாக்கில் போட்ட மரச்சட்டம். யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மரம் உப்புநீரைக் குடித்துவிட்டு வருஷம் முழுக்க இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எது மிக முக்கியமோ அதுதான் மிக மோசமான இடத்தில், கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது.

அண்ணனின் வண்டியைக் கீழிருந்து பார்த்தபோது அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக அடித்த கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வெல்டிங் பையன், "பிளேட்டு வச்சு மூடிருவோம் அண்ணாச்சி, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றான். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாடியத் தூக்காம நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன், தம்பி."

"தூக்கி இறக்கவே பெரிய செலவு வந்திரும் அண்ணாச்சி. அதுக்குப் பெறகு வேலையும் பாக்கணும்லா?" என்றார் அண்ணன்.

"தூக்கிப் பாத்தாத்தான் வேலை பாக்கணுமான்னே தெரியும்."

நான் அவர் பக்கம். சேஸ் விஷயத்தில் முதல் முடிவு பழுதுபார்ப்பதா கழிப்பதா என்பதல்ல, பாடியைத் தூக்கும் செலவுக்குத் துணிவதா என்பதே. அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு எடுக்கிற எந்த முடிவும் ஊகம்தான்.

எங்களைத் துணியவைத்தது டிரைவர் சொன்ன ஒரு சேதி. "காலி வண்டியில பின் கதவு கொக்கி சுளுவா விழுது. லோடு ஏத்திட்டா எட்ட மாட்டேங்குது. போன வருசம் இப்பிடி இல்ல" என்றார். அச்சுக்குப் பின்னால் சேஸ் பாரத்தில் தொங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டிரைவரிடம் டீசலும் டயரும் பற்றிக் கேட்பதோடு கதவு மூடுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

பாடி எழும்பியது. மரச்சட்டம் நார் நாராகக் கழன்று வந்தது. பட்டறைக்காரர் சின்னச் சுத்தியலால் மடிப்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கேபின் பக்கம் கோயில் மணிபோலக் கணீரென்று கேட்ட சத்தம், பின் பட்டையின் முன் பிராக்கெட்டைத் தாண்டியதும் மந்தமாகி, பின் பிராக்கெட்டுக்கு மேலே சத்தமே இல்லாமல் போனது. அந்த இடத்தில் சுத்தியல் உள்ளே இறங்கியது. இரண்டு பக்கமும் அப்படியே.

பிளேட் வைத்து மூடினால் என்ன என்று அண்ணன் அப்போதும் கேட்டார். கேட்கத்தான் செய்வார். ஆனால் சேஸை ரிவிட் அடித்துக் கோத்திருப்பதற்கே காரணம் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் அது முறுக்கிக்கொடுத்து மீள வேண்டும். மடிப்புக்குக் குறுக்கே வெல்டிங் ஓடினால் சூடுபட்ட விளிம்பில் இரும்பின் குணம் மாறிவிடும்; விரிசல் அங்கேதான் பிறக்கும். மெலிந்த தகட்டின்மேல் தடித்த பிளேட்டைப் போட்டால் பிளேட் முடிகிற இடத்தில் பாரம் முழுவதும் மெலிந்த தகட்டில் போய் விழும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்புநீர் தங்க இன்னொரு இடுக்கும் கிடைத்துவிடும். பிளேட்டின் முனையைச் சாய்வாக வெட்டி, போல்ட் போட்டுக் கோத்துச் செய்கிற நல்ல வேலையும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிடிமானமாகச் சுற்றிலும் நல்ல இரும்பு வேண்டும். இந்த வண்டியில் அது இல்லை.

அமெரிக்காவிலும் இதே உப்புதான், பனியை உருக்க ரோட்டில் கொட்டுவது. டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டிகளில் சேஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, 2008இல் அந்தக் கம்பெனி 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் மோசமானவற்றைச் சந்தை விலையைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய மாடல்களில் பல வண்டிகளுக்குச் சேஸையே மாற்றிக் கொடுத்தது. ஓட்டை விழுந்த சேஸை ஒட்டுப்போட்டுக் கொடுத்து அனுப்பலாம் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. அந்தப் பணபலம் உப்பு லாரி ஓனருக்கு இல்லை என்பது வேறு விஷயம். இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நம் ஊரில் எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டி ஆண்டுக்கொருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். 15 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணமும் பல மடங்கு உயர்ந்தது. பழைய வண்டியைக் கழிக்கவைப்பதுதான் நோக்கம் என்றால், கட்டணத்தைவிடச் சுத்தியல் நல்லது என்பேன். பிரேக்குக்கும் புகைக்கும் மிஷின் வந்துவிட்டது. சேஸை மட்டும் கண்ணால் பார்த்தே விடுகிறார்கள்; அதன்மேலோ நேற்றைய பெயிண்ட் ஈரமாக இருக்கிறது. உப்பு ஏற்றுகிற வண்டிகளிலாவது அந்தப் பெயிண்டைச் சுரண்டித் தட்டிப் பார்க்க வேண்டும். பத்து டன் ஏற்றிய வண்டி பாலத்தில் ஒடிந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஓனர் அல்ல. பின்னால் பைக்கில் வருபவருக்கு அந்த வண்டியின் வயதுகூடத் தெரியாது.

அண்ணன் வண்டியைக் கழித்துவிட்டார். டிரைவருக்கு வேறு வண்டி கிடைக்கும்வரை பேட்டா கொடுத்தார். அதுவும் வண்டியைக் கழிக்கும் செலவில் சேர்ந்ததுதான்.

அதே மழைக்காலத்தில் பக்கத்து அளத்துக்காரர் ஒருவரின் வண்டியும் அந்தப் பட்டறையில் பாடி தூக்கி நின்றது. பார்வைக்கு அது அண்ணனின் வண்டியைவிட மோசம். கடைசிக் கிராஸ் மெம்பர் கையோடு வந்துவிட்டது. ஆனால் இரண்டு சானல்களின் மடிப்புகளும் முன்னிருந்து பின்வரை கணீரென்று ஒலித்தன. "இதுக்குச் செலவழிக்கலாம்" என்றார் பட்டறைக்காரர். துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, புதுக் கிராஸ் மெம்பரை போல்ட் போட்டுக் கோத்தார்கள். மரச்சட்டத்தைத் திரும்பப் போடுமுன் அதற்கும் சேஸுக்கும் நடுவில் ரப்பர் பட்டை விரிக்கச் சொன்னார். லோடு இறக்கிய அன்றே அளத்துத் தண்ணீரில் அல்லாமல் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவதாக ஓனரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வண்டியை வெளியே விட்டார்.